பொலிகாளையும் அதன் நிறமும்

கொங்கு நாட்டு மாட்டுக் கண்காட்சியில் காங்கேயம் காளையொன்று வந்து நின்றால், கூட்டம் முதலில் நோக்குவது அதன் திமிலையும் நிறத்தையுமே. சாம்பல் மேனியில் கழுத்தும் திமிலும் தொடையும் நன்றாய்க் கறுத்திருந்தால், அதுவே உத்தமமான பொலிகாளை என்று தீர்ப்பாகிவிடுகிறது. கண்ணுக்கு அழகுதான், மறுப்பாரில்லை. ஆனால் பரிசு பெற்ற காளையை நாடிப் பல ஊர்ப் பசுக்களும் வரும்போது, ஓர் இனத்தின் வருங்காலமே அங்கு நிர்ணயமாகிறது என்பதை நம்மவர் யோசிப்பதாகத் தோன்றவில்லை.

இக்கருமை எங்கிருந்து வருகிறது? காங்கேயம் கன்று பெரும்பாலும் சிவந்தே பிறந்து, ஆறு மாதமளவில் சாம்பல் நிறம் கொள்கிறது. பின்னர் காளைக்கு ஆண்மைச் சுரப்பினால் கருமை ஏறுகிறது. காயடித்த எருது வெளிறிவிடுகிறது. பசுவோ வெண்மையாகவோ இளஞ்சாம்பலாகவோ இருக்கும். ஆகவே, கருமைக்காகத் தேர்ந்த காளையின் மகளான கிடேரியிலும், ஏரில் பூட்டும் மகனான எருதிலும் அக்கருமையைக் காண முடியாது. அவை தகப்பனிடமிருந்து பெறுவனவற்றுள் குடியானவனுக்கு வேண்டியவை தோலில் தெரியாத குணங்களே: பால், குளம்பின் உறுதி, கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தும் உடல் தளராத திறம்.

நிற்க. நிற மோகம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் இனத்தில் சிவப்பு மாட்டையும் வெள்ளை மாட்டையும் இணைத்தால், இரு நிற மயிரும் விரவிய ‘ரோன்’ கன்று பிறக்கும். ரோனையும் ரோனையும் இணைத்தாலோ, சராசரியாக நான்கில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டே ரோன். எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் அந்நிறம் நிலைக்காது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பண்ணையாளர் பலர் சிவப்பொன்றையே விரும்பி, நல்ல ரோன் காளைகளையும் தள்ளினர். ஆனால் ஸ்காத்லாந்தில் ஏமஸ் குருக்ஷாங்கின் மந்தைக்குப் பெயர் வாங்கித் தந்த ‘சாம்பியன் ஆப் இங்கிலாந்து’ ஒரு ரோன் காளையே!

நிறத்தை அறவே பாராதீர் என்று நாம் சொல்லவில்லை. வழக்கத்திலில்லாத கறுப்பு வெள்ளைத் திட்டுகள் கண்டால், அயல் இரத்தக் கலப்போ என்று ஐயுறுவது நியாயமே. அதற்கு மேல் நிறத்துக்கு மதிப்பெண் எதற்கு? உறைவிந்து வந்தபின் ஒரே காளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகிவிடுகிறது. பிழையும் அந்த அளவுக்குப் பெருகும். கண்காட்சி நடத்துவோர், காளையோடு அதன் தாயையும் வளர்ந்த மகள்கள் நான்கைந்தையும் பந்தலுக்கு ஓட்டிவரச் சொல்லட்டும். தாயின் பால் கணக்கைக் கேட்கட்டும். அதன் பிறகு மாலை போடுவதைப் பற்றிப் பேசலாம்.