லீவுப் பணம் பென்ஷனில் சேரலாமா?

கருவேப்பிலங்குறிச்சி போலீஸ் ஸ்டேஷனில் ஓர் ஏட்டு ரிட்டையராகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருவிழா, தேர்தல் என்று பந்தோபஸ்துக்கே ஓடி, லீவு எடுக்க முடியாமல் போனவர். மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பில் 240 நாள் வரை பணமாகக் கொடுக்கத் தமிழக விதி இடம் தருகிறது. அந்தத் தொகையையும் சம்பளத்தோடு கூட்டிப் பென்ஷன் போட்டால் என்ன? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால், 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்தவருக்குப் பென்ஷன் அதில் பாதி: 30,000. எட்டு மாத லீவுச் சம்பளம், அகவிலைப்படி நீங்கலாக, 4,80,000. அதைக் கடைசி வருஷச் சம்பளத்தோடு சேர்த்தால் மாதச் சராசரி ஒரு லட்சம், பென்ஷன் 50,000! மாதம் 20,000 ரூபாய் கூடுதல், அதுவும் ஆயுள் பரியந்தம். இரண்டே வருஷத்தில் லீவுப் பணம் முழுவதும் இரண்டாம் தடவை கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் வரிப் பணம்தான்.

அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. பணமாக்கிய லீவையும் பென்ஷன் கணக்கில் சேர்க்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. பென்ஷன் ஊதுகிறதே என்று கூக்குரல் கிளம்பியது. 2012-ல் சட்டம் போட்டுக் கடிவாளம் இட்டார்கள். அது செல்லும் என்று 2020-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் நாட்டிலோ அந்த வாசல் திறக்கவே இல்லை. சர்க்கார் பென்ஷனுக்கு அடிப்படைச் சம்பளமே கணக்கு. தொழிற்சாலைகளிலும் லீவுப் பணத்துக்குப் பிராவிடண்ட் பண்டு பிடிக்க வேண்டியதில்லை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கும் அதே நியதிதான்.

இதுவே சரி. ஒரே சம்பளம், ஒரே சர்வீஸ் உள்ள இருவரில், தாயாரின் நோய்க்காக லீவு எடுத்தவருக்குக் காலமெல்லாம் குறைந்த பென்ஷன் என்பது தர்மமா?

ஆனால் லீவுப் பணம் சர்க்கார் இனாமல்ல. அதையும் பென்ஷனையும் சட்ட ஆதாரமின்றி நிறுத்திவைக்கக் கூடாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு ஜார்க்கண்ட் வழக்கில் கண்டித்தது. தமிழகத்தில் வருஷத்துக்கு 15 நாள் லீவைச் சரண்டர் செய்யும் வசதி 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. ஒரு வருஷத்துக்கென்ற தடை நீண்டுகொண்டே போய், 2025 அக்டோபர் முதல்தான் வசதி திரும்பியது.

சிப்பந்திகள் கேட்க வேண்டியது இதைத்தான்: லீவை லீவாகவே கொடுங்கள், முடியாவிட்டால் பணத்தை உரிய காலத்தில் கொடுங்கள்.