தாயும் சேயும்: பின்னேரமானால் வீறிட்டழும் பிள்ளை



முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் தாய்மாரைச் சந்தித்தபோது, ஐந்து கிழமைக் குழந்தையைத் தோளில் போட்டபடி ஓர் இளம் தாய் வந்திருந்தாள். 2009இல் அவளுக்குப் பத்து வயது. கணவன் கொழும்பில் மேசன் வேலை. வீட்டில் மாமியும் அவளும்தான். எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, பின்னேரம் ஆறு மணியானால் எனக்குப் பயம் பிடிச்சிடும். பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கினால் ஒன்பது மணி மட்டும் நிப்பாட்டான். என்ர கவலைதான் பாலிலை இறங்கி அவனைப் பிடிக்குதெண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?"

இந்தக் கேள்வி எத்தனையோ தாய்மாரின் மனதில் இருக்கிறது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். உண்மையல்ல. கவலை பாலில் இறங்காது. அழுத தாயின் பாலும் நல்ல பாலே. களைப்பும் கவலையும் கூடினால் பால் இறங்கச் சற்றுத் தாமதிக்கலாம். ஆனால் பால் கெடுவதில்லை. பிள்ளையை அணைத்து ஊட்ட ஊட்ட அதுவும் சீராகும்.

இது என்ன அழுகை?

சுகமாகப் பாலைக் குடித்து, நிறையும் கூடிவரும் பிள்ளை, காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் வீறிட்டு அழுவதை வைத்தியர்கள் 'கொலிக்' என்பார்கள். நாங்கள் வயிற்றுக்குத்து, வாயு என்கிறோம். முகம் சிவக்கும், கை பொத்திக்கொள்ளும், கால்கள் வயிற்றோடு மடங்கும். பெரும்பாலும் பின்னேரத்திலேயே வரும். இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். ஏறக்குறைய ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், பால்மா குடிக்கும் பிள்ளைக்கும் வரும். ஆகவே இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இதற்கான சரியான காரணம் இன்னும் முழுமையாகக் கண்டறியப்படவில்லை. தாயின் குற்றம் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

குறைக்க என்ன செய்யலாம்?

• பிள்ளையின் வாய் முலைக்காம்பை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வியிருக்க வேண்டும். அப்போது காற்று உள்ளே போவது குறையும்.

• ஒரு பக்கத்துப் பாலை நன்றாகக் குடித்து முடித்த பின்னரே மறுபக்கம் மாற்றுங்கள்.

• பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து, முதுகை மெதுவாகத் தட்டி ஏவறை விடச் செய்யுங்கள்.

• வைத்தியரின் ஆலோசனைப்படி பால்மா கொடுப்பவர்கள், போத்தலின் சூப்பி முழுவதும் பால் நிறைந்திருக்கும்படி சரித்துப் பிடியுங்கள். பேணியில் உள்ள அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

• பிள்ளை இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட் புகை வேண்டாம். அடுப்புப் புகையிலிருந்தும் தள்ளிக் கிடத்துங்கள்.

• தாய் பட்டினி கிடக்க வேண்டாம். மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். தேநீர், கோப்பியை மட்டும் அளவோடு குடியுங்கள்.

அழும்போது

முதலில் பசியா, துணி நனைந்திருக்கிறதா, புழுக்கமா, எறும்பு கடித்ததா, கால்விரலில் நூலோ தலைமயிரோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், உங்கள் வெறும் மார்போடு பிள்ளையை அணைத்து, ஒரு சீலையால் இருவரையும் போர்த்திக்கொண்டு மெல்ல நடவுங்கள். தாலாட்டுப் பாடுங்கள். குரல் நல்லதா என்று பிள்ளை பார்ப்பதில்லை. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாங்கியபடி முதுகைத் தடவலாம். ஆனால் நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கவே கிடத்த வேண்டும். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டலாம். தொப்புளைச் சுற்றிக் கடிகாரமுள் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவி, கால்களைச் சைக்கிள் ஓடுவதுபோல அசைக்கலாம். ஒரு பிள்ளைக்குக் கேட்பது மற்றப் பிள்ளைக்குக் கேட்காது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கொடுக்கக் கூடாதவை

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். ஓமத்தண்ணீர், சீனித்தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். வசம்பு உரைத்து நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் கொடிய நஞ்சேற்றம் வரலாம். எங்கள் அம்மம்மாமார் அன்போடு செய்தவைதான் இவை. அவர்களைக் குறைசொல்லாமல், "கிளினிக்கில் வேண்டாமெண்டு சொன்னவை" என்று சொல்லித் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு

பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு வீங்கிக் கடினமாதல், கவட்டில் வீக்கம், உச்சிக்குழி புடைத்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல், வழக்கமில்லாத மெலிந்த அல்லது கீச்சென்ற அழுகை, மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் என்பவற்றில் ஒன்று இருந்தாலும் அது வயிற்றுக்குத்து என்று இருந்துவிடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நிறை கூடாவிட்டால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

தாய்க்கு ஒரு வார்த்தை

அந்தத் தங்கச்சி இன்னுமொன்றும் சொன்னாள். பங்கருக்குள் சத்தம் கேட்கக்கூடாதென்று பிள்ளைகளின் வாயைப் பொத்திய தாய்மாரை அவள் கண்டிருக்கிறாள். இன்று மகன் வீறிடும்போது அவள் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. எங்களில் பலருக்கு இப்படித்தான். இது பைத்தியமல்ல, பலவீனமுமல்ல. உடல் பழைய பயத்தை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கோபமோ நடுக்கமோ வந்தால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். முகம் கழுவுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். சத்தம் கேட்கும் தூரத்தில் ஐந்து, பத்து நிமிடம் நிற்பது பிழையல்ல. எக்காரணம் கொண்டும் பிள்ளையைக் குலுக்கக் கூடாது. சில நொடி குலுக்கலே மூளையில் இரத்தம் கசியச் செய்து உயிரைப் பறிக்கலாம். அயலில் உள்ள ஒருவரிடம், "அக்கா, அரை மணித்தியாலம் வைச்சிருங்கோ" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நித்திரையின்மை, அழுகை, வாழவே வேண்டாமென்ற எண்ணம் தொடர்ந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அன்று மாமியையும் கூப்பிட்டு இவற்றையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அப்ப ஆறு மணிக்கு நான் தூக்கிறன், நீ போய்ச் சாப்பிடு பிள்ளை" என்றார். எந்த மருந்தையும்விட அந்தத் தாய்க்குத் தேவையாக இருந்தது அந்த வார்த்தைதான். உங்கள் அயலில் பின்னேரத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுதால், நீங்களும் ஒருமுறை போய்க் கை நீட்டுங்கள்.