சிப் தொழிலும் நமது தலையெழுத்தும்

ஓசூர்ப் பக்கத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்ததிலிருந்து, "நம் மண்ணிலேயே சிப் செய்கிறார்களாம்" என்பதாகத் தர்மபுரி டீக்கடைகளில் ஒரே பெருமையாயிருக்கிறது. தோழர்களே! இது சரியல்ல. 2004 வரையில் நமது ஜில்லாவோடு சேர்ந்திருந்த அந்த ஓசூரில் நடப்பது ஐபோனுக்குக் கூடு செய்வதும், போனைப் பூட்டிச் சேர்ப்பதுமேயாகும். அதே கம்பெனியார் தைவான் பவர்சிப்போடு சேர்ந்து சிப் செய்ய 91,000 கோடி ரூபாயில் போடுகிற ஆலை குஜராத் தோலேராவுக்குப் போயிற்று. சிப்பை வெட்டி, உறையிட்டுச் சோதிக்கிற 27,000 கோடி ரூபாய் ஆலை அசாம் ஜாகிரோட்டுக்குப் போயிற்று. இரண்டுக்கும் மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் சம்மதம் கொடுத்தது. செலவில் பாதி சர்க்கார் பணம். சர்க்கார் பணமென்றால் யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிற உங்கள் பணந்தான்.

"அதெல்லாம் தலையெழுத்து அய்யா! தைவான்காரனுக்கு மூளை, நமக்குக் கை" என்றார் ஒரு பெரியவர். எழுதினது யார்? மொகாலியில் சர்க்காரே நடத்திய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984லேயே சிப் செய்தது. இன்று உயர்ந்த ரகச் சிப்பை உலகுக்கே அளக்கிற தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனி 1987ல்தான் பிறந்தது! 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீக்கிரையாயிற்று. மறுபடி எழுவதற்குப் பல வருஷம் சென்றது. அதற்குள் உலகம் ஓடிவிட்டது. இதில் பிரம்மாவுக்கு என்ன வேலை? மனிதர் செய்த முடிவும் செய்யாத முடிவுந்தான் இருக்கிறது.

2021ல் சிப் கிடைக்காமல் மோட்டார் ஆலைகள் வேலையை நிறுத்தின. 2022ல் அமெரிக்கா தன் நாட்டிலேயே ஆலை போடுவதற்குச் சட்டஞ்செய்து பணத்தைக் கொட்டியது. சீனாவுக்கு உயர்ந்த சிப் போகாதபடி தடையும் போட்டது. முதலாளிமாருக்கு நம் பேரில் திடீரென்று பாசம் பொங்குவதன் இரகசியம் இதுதான்.

சிப் செய்கிற அறையின் ஆசாரத்தையும் கேளுங்கள். அங்கு தீட்டு என்பது தூசி ஒன்றே. உடம்பிலிருந்து உதிர்கிற தோல் எந்த ஜாதியாருடையதானாலும் தீட்டுத்தான். எல்லோருக்கும் தலை முதல் கால் வரை மூடிய ஒரே அங்கிதான். கற்பூரமும் திருநீறும் உள்ளே நுழைய முடியாது. வாசலில் பூமி பூஜை செய்த அய்யரும் வாசலோடு சரி!

பாதி முதல் நம்முடையதானால், நமது ஜில்லாப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்த அறைக்குள் வேலை பழக்கினீர்கள் என்று கம்பெனியாரிடமும் சர்க்காரிடமும் வருஷந்தோறும் கணக்குக் கேட்க வேண்டாமா?

ஆனால் கேட்க வேண்டியவர் செய்கிற காரியத்தைப் பாருங்கள். ஓசூர் ஆலையில் பெரும்பாலோர் பெண்கள். இதை நாம் குறைசொல்லவில்லை. சொந்தச் சம்பளம் வாங்குகிற பெண்ணை மிரட்டுவது அவ்வளவு சுலபமல்ல. பென்னாகரத்திலும் அரூரிலும் தகப்பனார் கடன் வாங்கி மகனை இஞ்சினீரிங்குக்கு அனுப்புகிறார். அவனைவிட அதிக மார்க்கு வாங்கிய மகளைப் பிளஸ் டூவோடு நிறுத்தி, "நகைக்காவது ஆகும்" என்று ஆலை பஸ்ஸில் ஏற்றுகிறார். மூளை உள்ள பெண்ணைக் கை என்று ஆக்கினது பிரம்மாவா, இவரா? "சிப் ஆலை குஜராத்துக்குப் போய்விட்டதே" என்று டீக்கடையில் உட்கார்ந்து அழுவதற்கு இவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.