இரவு நேர ஓசோனும் அளக்கப்பட வேண்டும்

ஆகாயத்தில் உயரே பரவியுள்ள ஓசோன் வாயு, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கின்றது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். குறைந்து வந்த அவ்வாயு, 1987-ஆம் ஆண்டில் மாண்ட்ரீல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் பயனாக மெல்ல மீண்டு வருகின்றது. ஆயினும் அம்மீட்சியின் அளவை ஐயமின்றிக் கூற வேண்டுமாயின், ஓசோன் பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்பதையும் அறிந்தாக வேண்டும். இத்துறையில் பெங்களூர் நகரம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு.

ஓசோன் உண்டாகும் முறையை 1930-ஆம் ஆண்டில் ஸிட்னி சாப்மன் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். சூரிய ஒளி பிராணவாயு மூலக்கூறுகளைப் பிளக்கின்றது. பிரிந்த அணு வேறொரு பிராணவாயு மூலக்கூறுடன் சேரும்போது ஓசோன் பிறக்கின்றது. அந்த ஓசோனையும் சூரிய ஒளியே மீண்டும் பிளக்கின்றது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இச்செயல்கள் மிக விரைவாக நிகழ்கின்றன. கதிரவன் மறைந்ததும் பிளவு நின்றுவிடுகின்றது. எஞ்சிய அணுக்கள் ஓசோனாக மாறுகின்றன. ஆகவே எழுபது கிலோமீட்டர் உயரத்தில் இரவு நேர ஓசோன், பகல் நேர ஓசோனைப் போல் பன்மடங்காகப் பெருகுகின்றது. பொழுது விடிந்ததும் அது மீண்டும் குறைந்துவிடுகின்றது.

ஓசோனின் பெரும்பகுதியோ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கியுள்ளது. அங்கே இரவு பகல் வேற்றுமை மிகச் சிறிது. மொத்த அளவும் அதனால் அதிகம் மாறுவதில்லை. அவ்வாறாயின் இவ்வேற்றுமையைப் பொருட்படுத்துவானேன் என்று சிலர் வினவலாம்.

விடை, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. குளோரின் சேர்மங்களின் தாக்குதலும், அதிலிருந்து மீளும் அறிகுறியும் தெளிவாகப் புலப்படும் பகுதி அதுவே. அங்கே மீட்சியின் அளவு பத்தாண்டுக்குச் சுமார் 1 முதல் 3 விழுக்காடு மட்டுமே. ஒரே நாளுக்குள் நிகழும் மாறுதலும் அங்கே சில விழுக்காடு ஆகின்றது. செயற்கைக் கோள்கள் சில, ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதை விலகி, ஓரிடத்தைக் கடக்கும் நேரமும் மாறிவிடுகின்றன. காய்ச்சல்காரனின் உடல் வெப்பத்தை ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மாலையிலும் அளந்துவிட்டு, நோய் ஏறிற்று என்று முடிவு கட்டும் வைத்தியரின் நிலையே அப்போது விஞ்ஞானிக்கும் நேரும்.

இத்துறை நம் நாட்டிற்குப் புதியதன்று. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் ஓசோன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்று, சர்வதேச ஓசோன் ஆணைக்குழுவின் தலைவராகவும் விளங்கினார். கொடைக்கானலில் டாப்ஸன் கருவியைக் கொண்டு பல்லாண்டுகள் ஓசோன் அளக்கப்பட்டது. தும்பாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகளில் சூரிய ஒளியையும் சந்திர ஒளியையும் துணைக்கொண்டு பகலிலும் இரவிலும் அளவெடுத்தனர். எனினும் டாப்ஸன் கருவி பெரும்பாலும் பகலவனை நம்பியிருப்பது. ராக்கெட்டோ சில நிமிட நேரக் காட்சியையே தருவது.

இக்குறையை நீக்கவல்லது நுண்ணலை முறை. ஓசோன் மூலக்கூறு 2.7 மில்லிமீட்டர் நீளமுள்ள வானொலி அலையைத் தானே வெளியிடுகின்றது. அதற்குச் சூரியனும் வேண்டா, சந்திரனும் வேண்டா. காற்றழுத்தம் மிகுந்த தாழ்ந்த அடுக்கிலிருந்து வரும் அலைவரிசை அகன்றும், உயர்ந்த அடுக்கிலிருந்து வருவது குறுகியும் தோன்றுவதால், எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் உள்ளது என்பதையும் தரையிலிருந்தே கணிக்கலாம். ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் 1994 முதலும், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1990-களின் நடுவிலிருந்தும் இவ்வாறு ஓசோன் அளக்கப்பட்டு வந்துள்ளது.

பெங்களூரில் இதற்கு வேண்டிய கைத்திறன் முன்பே விளைந்துள்ளது. ராமன் ஆராய்ச்சி நிலையம் 1980-களில் 10.4 மீட்டர் குறுக்களவுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கியைத் தன் வளாகத்திலேயே நிறுவியது. விண்வெளியிலுள்ள கார்பன் மோனாக்ஸைடை ஆராயும் அலைகளுக்கு அண்மையிலேயே ஓசோனின் அலையும் அமைந்துள்ளது. ஓசோனை அளக்க அத்தனை பெரிய தட்டும் தேவையில்லை. நுட்பமான சிறு ஏற்பி ஒன்றே போதும். மழைக் காலத்து நீராவி அலையை ஓரளவு விழுங்கும் என்பது உண்மையே. ஆயினும் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரின் வறண்ட மாதங்கள் பயனுள்ள அளவுகளைத் தரக்கூடியவை.

தனித்தனி ஆராய்ச்சியாளர் சில இரவுகள் அளந்து கட்டுரை எழுதுவதோடு இப்பணி நின்றுவிடலாகாது. மழை அளவைப் போல், ஆண்டுதோறும் இடையறாது பதிவு செய்யப்பட வேண்டும். ஓசோன் மிகுதியாக உற்பத்தியாவது வெப்ப மண்டலத்திலேயாகும். அம்மண்டலத்தின் இரவுக் கணக்கை எழுதி வைக்கும் பொறுப்பை அங்குள்ள நாடே ஏற்பது பொருத்தம். அரசும் ஆராய்ச்சி நிலையங்களும் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.