அசோகன் எண்ணிய அரசர்

ஏற்காட்டு மலையின் வரலாறு என்றால், 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்ததிலிருந்தே தொடங்குவது நம் வழக்கமாகிவிட்டது. மலைமேல் உள்ள மாரமங்கலம் கிராமத்துப் பிள்ளைக்கும் இந்த வரலாறே போய்ச் சேருகிறது. ஆனால் அதே மலையின் வடபுறம் இறங்கினால் பொம்மிடி. அது தர்மபுரி மாவட்டம், அதியமான்களின் பழைய தகடூர் நாடு. அவர்களைப் பாடப்புத்தகம் 'குறுநில மன்னர்' என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கி, ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியோடு முடித்துவிடும். இந்த வரிசைப்படுத்தல் தவறு என்பது என் வாதம்.

சாட்சி மௌரியப் பேரரசனே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த 2ஆம் பாறைக் கட்டளை, தன் எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை யவன அரசன் அந்தியோகனோடு ஒரே மூச்சில் சொல்கிறது. 13ஆம் கட்டளையில் எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனன் உட்பட ஐந்து யவன அரசர்கள் வருகிறார்கள். சதியபுத்திரர் யார் என்பதுதான் நெடுநாள் புதிர். சத்தியமங்கலம், காஞ்சி, துளு நாடு என்றெல்லாம் தேடினார்கள். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, குகையைக் கொடையளித்தவன் 'சதியபுதோ' அதியன் நெடுமான் அஞ்சி என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டது.

அது போலியோ என்று சிலர் ஐயுற்றதுண்டு. எழுத்தமைதியை ஆராய்ந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ஏற்றுக்கொண்டார். கல்வெட்டு அசோகனுக்கு முந்நூறு ஆண்டு பிந்தியதாயிற்றே என்பார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு: அத்தனை காலம் கழித்தும் அந்தப் பட்டத்தைக் குலம் விடவில்லை. யவனரோடு சேர்த்துச் சொன்னதாலேயே அவர்களுக்கு நிகரான பரப்பு இருந்ததாகிவிடுமா? ஆகாது. நான் பேசுவது பரப்பைப் பற்றியல்ல, யாருக்கும் கட்டுப்படாத தனியரசு என்ற நிலையைப் பற்றி. அசோகன் எண்ணியதும் அதைத்தான். மூவேந்தரை மேலே வைத்து மற்றவரைக் கீழே வைக்கும் கணக்கு அவனிடம் இல்லை, அது நம்முடையது.

சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான், அதோடு கதை முடிந்தது என்பது கடைசி மறுப்பு. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து வென்றவனைப் பாடும் நூல். தோற்றவன் அதில் சிறுத்துத்தான் தெரிவான். அந்திகோனனின் வழியினரும் கி.மு. 168இல் பித்னாப் போரில் ரோமரிடம் அழிந்தவர்களே. அதற்காக மாசிடோனியாவை எவரும் குறுநிலம் என்பதில்லை. அதியர் பெயரோ போருக்குப் பின்னும் நின்றது. நாமக்கல் அரங்கநாதர் குடைவரை, அதியர் குலத்துக் குணசீலன் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் எடுப்பித்த 'அதியேந்திர விஷ்ணுகிரகம்'. போளூர் அருகே திருமலையில், விடுகாதழகிய பெருமாள் என்ற பிற்கால அதிகமான், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கர் உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்லில் எழுதிவைத்திருக்கிறான்.