தோட்டத்து மீன் குளமும் கொசுத் தொல்லையும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே அருமை. மணலுக்கடியில் சிறிது ஆழத்திலேயே ஊறும் நன்னீரும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்ப்பாகிவிடுகிறது. ஆகையால் மழை நீரைத் தேக்கிவைக்கும் தோட்டக் குளம் ஒவ்வொன்றும் குடியானவர்க்கு ஒரு சொத்தாகும். அதில் மீனும் வளர்த்தால் வீட்டுக்கு நல்ல ஆகாரமும் கைக்குச் சிறிது வரும்படியும் உண்டு. ஆயினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கொசு பெருகுங் காலத்தில், குளத்தைத் தூர்த்துவிட வேண்டுமென்றும், அல்லது மண்ணெண்ணெய் ஊற்றவேண்டுமென்றும் ஆலோசனை கூறுவோர் பலர். இவ்விரண்டும் குடியானவர்க்கு நஷ்டத்தையே தருவன. கொசு பெருகுவதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது மீன் உலாவும் குளமன்று. அக்குளத்தின் புல் மண்டிய ஓரமும், அதைச் சுற்றிலும் உடையவரால் மறக்கப்பட்டுக் கிடக்கும் சிறு நீர்க்குழிகளுமே யாகும்.

இதன் உண்மையை அறியக் கொசுவின் பிறப்பைச் சற்று நோக்கவேண்டும். தேங்கிய நீரில் இடப்பட்ட முட்டை, புழுவாகிக் கூடாகிச் சிறகு பெற்று வெளிவருவதற்கு நமது வெப்ப நாட்டில் ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்களே போதும். புழுவானது நீரின் மேல்மட்டத்திற்கு வந்து சுவாசிக்க வேண்டியது. அலையும் மீனும் உள்ள இடத்தில் அது தப்புவது அரிது. புல்லும் பாசியும் மறைவு தரும் ஓரத்திலும், மீனற்ற குழியிலுமே அது நிர்ப்பயமாக வளருகிறது. மலேரியாக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி கொசுவின் உடலில் வளருவதை ரொனால்டு ராஸ் என்பவர் 1897-ஆம் வருஷத்தில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதுமுதல், கொசுவைப் புழுப் பருவத்திலேயே ஒழிப்பது மலேரியாவைத் தடுக்கும் வழிகளில் முக்கியமானதொன்றாகக் கருதப்பட்டு வருகிறது.

இராமேஸ்வரம் தீவே இதற்குத் தக்க உதாரணம். 1975-ஆம் வருஷத்தில் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தால் ஏற்படுத்தப்பட்ட நோய்பரப்பும் பூச்சிகளின் ஆராய்ச்சி நிலையத்தார், 1980-க்குப் பிந்திய வருஷங்களில் இத்தீவில் ஆராய்ச்சி நடத்தினர். ‘அனோபிலிஸ் கூலிசிபேசிஸ்’ என்னும் கொசு இங்கே மலேரியாவைப் பரப்புவதை அவர்கள் கண்டனர். சவுக்குத் தோப்புகளில் கன்றுகளுக்கு நீர் வார்ப்பதற்காக மணலில் தோண்டப்படும் குழிகள் அக்கொசுவுக்கு உகந்த இடங்களாயிருந்தன. கன்று வேர் பிடித்தபின் குழியை மூட ஒருவரும் நினைப்பதில்லை. ‘அனோபிலிஸ் ஸ்டெபன்சி’ என்னும் மற்றொரு மலேரியாக் கொசுவோ, கிணறுகளிலும் மூடியில்லாத மாடித் தொட்டிகளிலும் பெருகுவது. நாட்டின் நானா பக்கங்களிலிருந்தும் யாத்திரிகர் வந்துபோகும் ஸ்தலத்தில், வெளியூரில் காய்ச்சல் கண்ட ஒருவர் வந்து தங்கினாலும், கொசு இருக்குமிடத்தில் நோய் பரவ வழியுண்டு.

பாக் நீரிணைக்கு அக்கரையிலுள்ள இலங்கையும் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1934-ஆம் வருஷத்தில் மழை பொய்த்து, நதிகள் ஓட்டமிழந்து சிறு சிறு குட்டைகளாக நின்றன. அக்குட்டைகளில் மேற்சொன்ன கூலிசிபேசிஸ் கொசுவே அளவின்றிப் பெருகிற்று. 1934-35-இல் எழுந்த மலேரியாவினால் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். நிறைந்து ஓடிய நதி செய்யாத தீங்கை, வற்றித் தேங்கிய குட்டை செய்தது. அத்தேசமே பின்னர் இடைவிடாத முயற்சியால் மலேரியாவை நீக்கி, 2016-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தாட்சியைப் பெற்றது. முயன்றால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

ஆகவே குளமுடையோர் முதலில் செய்யவேண்டுவது கரையைத் திருத்துவதேயாம். ஓரத்தைச் சரிவாகவும் மேடு பள்ளமாகவும் விடாமல், மண் சரியாத அளவுக்குச் செங்குத்தாக வெட்டிவிட வேண்டும். நீருக்குள் தொங்கும் புல்லையும் கோரையையும் வாரந்தோறும் அறுத்து அகற்றவேண்டும். ஆகாயத்தாமரையை ஒரு செடியேனும் விட்டுவைக்கலாகாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் ஒருவகை அதன் வேரைப் பற்றியே வளருகிறது. நீர் வற்றுங் காலத்தில் மாட்டுக் குளம்படிகளிலும் கரையோரப் பள்ளங்களிலும் தனித்து நிற்கும் நீரை, மண்ணிட்டு மூடியாவது, வாய்க்கால் கீறிக் குளத்தில் சேர்த்தாவது விடவேண்டும். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானை, பழைய டயர் முதலியவை டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் தொட்டில்களாதலால், அவற்றைத் தோட்டத்தில் போட்டு வைத்தல் கூடாது.

இரண்டாவது, மீனைத் தக்கபடி தேர்ந்தெடுத்தல். கட்லா, ரோகு முதலிய கெண்டை இனங்கள் வளர்ந்தபின் ஓரத்துப் புழுக்களை நாடுவதில்லை. அவற்றுடன் மேல்மட்டத்தில் இரைதேடும் சிறு மீன்களும் இருக்கவேண்டும். 1908-ஆம் வருஷத்தில் இந்நாட்டிற்கு வந்த கப்பி மீனும், 1928-இல் வந்த கம்பூசியா மீனும் இதற்கென்றே பரப்பப்பட்டவை. ஆயினும் கம்பூசியா நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று அவ்வினங்களை அழிக்கக்கூடியதென்று பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். வெள்ளத்தில் கண்மாய்க்கும் ஊருணிக்கும் தப்பிச் செல்லக்கூடிய குளங்களில் அதை விடுவது விவேகமன்று. தலையில் வெள்ளிப் பொட்டுப்போல மின்னும் நம் நாட்டுச் சிறு மீன்கள் கண்மாய்களில் கிடைக்குமிடங்களில், அவற்றைக் கொண்டுவந்து விடுதலே உத்தமம். விரால் உள்ள குளத்தில் இச்சிறு மீன்கள் அதற்கே இரையாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது புழுவைக் கொல்லுமென்பது மெய்யே. எனினும் மேல்மட்டத்தை அடைத்து மீனுக்கும் கேடு செய்கிறது. பருத்திக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பைரித்திராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். கொசுப் புழுவைத் தின்னும் தும்பிக் குஞ்சுகளையும் அவை அழித்துவிடும். புகை அடிப்பதோ அந்நேரம் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழு மறுவாரமே சிறகு முளைத்து வரும். மருந்து அவசியமானால், 1976-இல் இஸ்ரேல் தேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும் ‘பி.டி.ஐ.’ என வழங்குவதுமான நுண்ணுயிர் மருந்தைச் சுகாதார இலாகாவினரின் யோசனைப்படி உபயோகிக்கலாம். அது மீனுக்குத் தீங்கு செய்வதில்லை.

அந்தியில் விளக்கைச் சுற்றிக் கூட்டமாக மொய்க்கும் பூச்சிகளெல்லாம் கொசுவென்று எண்ணுவதும் பிழை. அவற்றில் பெரும்பாலானவை கடிக்கும் வாயில்லாதவை; அவற்றின் சிவந்த புழு சேற்றில் வளர்ந்து மீனுக்கு நல்ல இரையாகிறது. குளத்தில் சாணமும் தீனியும் அளவுக்கு மிஞ்சினால் அவையும் மிஞ்சும், குறைத்தால் குறையும். ஆனால் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கடிக்கும் சிற்றீ ஒன்று உண்டு. சாணம் கலந்த ஈரச் சேற்றில் பிறக்கும் அது, ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகிறது. ஆட்டுக் கிடையைக் குளக்கரையில் அமைப்பவர்கள் அந்த நஷ்டத்தைத் தாமே வரவழைத்துக் கொள்கிறார்கள்.

கொசு வேலியை மதிப்பதில்லை. ஒருவர் தோட்டத்துக் குழியில் பிறந்தது அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. இதனாலேயே 1939-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், கொசு வளரத் தேங்கும் நீரைப்பற்றித் தனி விதிகளை வகுத்தது. அச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமலிலிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி அதிகாரிகளும் அதைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, மழைக்குப்பின் வாரம் ஒருநாள் குறித்து, தோட்டம் தோட்டமாகப் பார்வையிட்டு, கைவிட்ட குழிகளைக் கணக்கெடுத்து மூடச்செய்வது மேல். நன்றாகப் பேணப்படும் குளத்தை மூடும்படி சொல்லுதல் அவர்கள் வேலையன்று.

குழியைத் தோண்டியவரே அதை மூடவும் கடமைப்பட்டவர். வாரத்தில் ஒரு மணி நேரமும் ஒரு மண்வெட்டியும் இதற்குப் போதும். புழு கொசுவாவதற்கு எட்டு நாளாகுமாயின், ஏழாவது நாளில் கரையைச் சுற்றிவரும் குடியானவர் தமது குளத்தையும் காப்பாற்றலாம், ஊரையும் காப்பாற்றலாம்.