'ஹாட்' சண்டையா, 'ஹீட்டட்' சண்டையா?

தம்பி, தங்கைகளே... தமிழில் சண்டையை என்ன செய்வோம்? 'போடுவோம்'. வம்பை? 'வளர்ப்போம்', இல்லாவிட்டால், யாரையாவது வம்புக்கு 'இழுப்போம்'. எதிர்ப்பை, 'காட்டுவோம்'. வாக்குவாதமோ, வெண்டைக்காய் மாதிரி 'முற்றும்'!

'அவன் எதிர்ப்பு போட்டான்' என்று யாராவது சொன்னால், உங்கள் பாட்டி கூடச் சிரித்து விடுவார். எந்தச் சொல் எதோடு சேரும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கேட்டுக் கேட்டே வந்தது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். வலியச் சண்டைக்குப் போவதை, 'பிக் எ குவாரல்' என்கின்றனர். 'பிக்' என்றால் பறிப்பது, பொறுக்குவது. நாம் இழுப்பதை, அவர்கள் பறிக்கின்றனர்! காரசாரமான வாக்குவாதம், 'ஹீட்டட் ஆர்க்யுமென்ட்'. அதை, 'ஹாட் ஆர்க்யுமென்ட்' என்று எழுதினால், டீச்சர் சிவப்பு மையில் சுழித்து விடுவார். காபிதான், 'ஹாட்!' மனம் கசந்து போகும் சண்டை, 'பிட்டர் குவாரல்'. ஆட்சேபணையை நாம், 'எழுப்புகிறோம்'. அவர்களும், 'ரெய்ஸ் ஆன் அப்ஜெக் ஷன்' என்று எழுப்பத்தான் செய்கின்றனர். இதில் மட்டும் இரண்டு மொழிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'எனக்கு உடன்பாடு இல்லை' என்பதை எப்படிச் சொல்வீர்கள்? 'ஐ யம் நாட் அக்ரீ' என்று பலர் எழுதுகின்றனர். அது தவறு. 'ஐ டோன்ட் அக்ரீ' அல்லது, 'ஐ டிஸ்அக்ரீ' என்பதே சரி. ஒருவரோடு மாறுபட்டால், 'டிஸ்அக்ரீ வித்'. ஒரு விஷயத்தில் மாறுபட்டால், 'டிஸ்அக்ரீ அபவுட்' அல்லது, 'ஆன்'. அழுத்தமாக மறுக்க, 'ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ'. அடியோடு மறுக்க, 'கம்ப்ளீட்லி டிஸ்அக்ரீ'. 'ஹெவிலி டிஸ்அக்ரீ' என்று சொல்லும் வழக்கம் இல்லை. 'ஹெவிலி' மழைக்குப் பொருந்தும். பெரியவர்களிடம் மறுத்துச் சொல்ல, 'ரெஸ்பெக்ட்புலி டிஸ்அக்ரீ' என்று ஒன்று உண்டு. மரியாதையோடு மாறுபடுகிறேன் என்று பொருள்.

'டிஸ்அக்ரீ - மறு' என்று ஒற்றைச் சொல்லாகப் பத்து முறை எழுத வைப்பது, என்னைக் கேட்டால், வீண் வேலை. சொல்லை அதன் கூட்டாளியோடு சேர்த்து எழுதுங்கள். ஒரு முறை எழுதினாலே போதும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கமிருந்து மதுரைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பலர், ஆங்கிலத்தில் மறுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில், 'நோ... யூ ஆர் ராங்' என்று பட்டென்று சொல்லி, கெட்ட பெயர் வாங்குகின்றனர். இன்னும் பலர் வாயே திறப்பதில்லை. சரியான கருத்து மனசுக்குள்ளேயே இருந்து விடுகிறது. அந்த இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

வாயைத் திறக்காததற்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை. வீட்டில் ஒன்றை மறுத்தால், 'எதிர்த்துப் பேசாதே!' பள்ளியில் மறுத்தால், 'பேக் ஆன்சர் பண்ணாதே!' பெரியவர்கள் பேசினால் அது கருத்து. நீங்கள் பேசினால் வாயாடுவதா? இது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதிலும், மறுத்துப் பேசுவது மதுரைக்குப் புதிதா என்ன? மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா, பட்டிமன்றத்தால்தான் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். 2021ல், 'பத்மஸ்ரீ' விருதும் பெற்றார். பட்டிமன்றமே இரண்டு அணி மாறி மாறி மறுத்துப் பேசுவதுதானே!

'பட்டிமண்டபம்' என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. அதை எழுதிய சாத்தனார், மதுரையில் தானிய வணிகம் செய்தவர் என்பர். புகார் நகரில் இந்திர விழா அறிவிக்கும்போது, வெவ்வேறு சமயத்தவர் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம் என்கிறார். அதே அறிவிப்பில், பகைவரிடம் கூடக் 'கலாம்' செய்யாமல் விலகுங்கள் என்றும் வருகிறது. 'கலாம்' என்றால் சண்டை. (நம் அப்துல் கலாம் பெயரில் இருப்பது அரபுச் சொல், பேச்சு என்று பொருள்.) வாதம் வேறு, கலாம் வேறு என்று அப்போதே பிரித்து வைத்திருக்கின்றனர், பாருங்கள்.

ஒத்தக்கடை அருகே, 2004 ஜூலை 24ல் துவக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையிலும் தினமும் வாதம்தான். எதிர்த்தரப்பு வக்கீலை, 'மை லேர்னட் பிரண்ட்' என்று சொல்வது வக்கீல்களின் மரபு. கற்றறிந்த நண்பர்! அப்படி அழைத்துவிட்டுத்தான், அவர் சொன்னதை ஒவ்வொன்றாக மறுப்பர்.

சரி, நான் எழுதியதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையா? நோட்டை எடுங்கள். 'ஐ ரெஸ்பெக்ட்புலி டிஸ்அக்ரீ வித் யூ' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, 'பிகாஸ்' போட்டு, காரணத்தையும் எழுதிவிடுங்கள்.